அந்த அரை விநாடி

1975-ம் வருடம், டிசம்பர் மாதம். அமெரிக்காவின் சி.பி.எஸ். டெலிவிஷனில் ‘சிக்ஸ்டி மினிட்ஸ்’ நிகழ்ச்சி. பேட்டி எடுப்பவர், எதிராளியைக் கேள்விகளாலேயே வியர்க்க வைக்கும் மைக் வாலஸ். எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு 43 வயது. பெயர் க்ளின்ட் ஹில். அமெரிக்க ஜனாதிபதிகளைப் பாதுகாக்கும் ‘சீக்ரெட் சர்வீஸ்’ அமைப்பில் உயர் பதவி வரை போனவர். ஐசனோவர் தொடங்கி ஃபோர்டு வரை ஐந்து ஜனாதிபதிகளின் காலத்தில் வேலை பார்த்துவிட்டு, உடம்பு சரியில்லாமல், அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார்.

பேச்சு மெள்ள 12 வருடங்களுக்கு முன்பு டல்லாஸ் நகரத்தில் நடந்த சம்பவத்தைத் தொட்டது. அவ்வளவுதான்... கல் மாதிரி உட்கார்ந்திருந்த மனிதர் உடைந்துபோனார். தேசமே பார்த்துக்கொண்டிருக்க, கேமரா முன்னால் அழுதார். தப்பு தன்னுடையதுதான் என்றார். இன்னும் அரை விநாடி, மிஞ்சிப்போனால் ஒரு விநாடி முன்னால் நகர்ந்திருந்தால் அந்தக் குண்டைத் தன் மேல் வாங்கியிருக்கலாம் என்றார். அப்படி நடந்திருந்தால் நீங்கள் செத்துப் போயிருப்பீர்களே என்றால், அது எனக்குச் சம்மதம்தான் என்றார்.

உயிரோடு இருப்பதற்காக ஒரு மனிதன் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது அந்தப் பேட்டி.

என்ன தப்பு செய்தார் ஹில்? முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

1963, நவம்பர் 22. டல்லாஸ் நகரின் வீதிகளில் ஜனாதிபதி கென்னடியின் ஊர்வலம். காலையில் பெய்த மழை நின்று வெயில் அடித்ததால், காரின் மேல்மூடியைக் கழற்றிவிட்டார்கள். (அந்த மூடியும் குண்டு துளைக்காத ரகம் இல்லை. வெறும் மழைக்குத்தான்!) திறந்த கார். பின் சீட்டில் வலது பக்கம் கென்னடி, இடது பக்கம் மனைவி ஜாக்குலின். சில அடிகள் பின்னால் பாதுகாவலர்களின் கார். அதன் இடது பக்கப் படியில் நின்றபடி வந்துகொண்டிருந்தார் ஹில். காரணம், அவருக்குக் கொடுக்கப்பட்ட டியூட்டி ஜாக்குலினைப் பாதுகாப்பது. ஜனாதிபதியை அல்ல! இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வழியில் கூட்டம் நெருக்கியபோது ஹில் சில தடவை ஓடிப்போய் முன் காரின் பின்பக்கப் படியில் தொற்றிக்கொண்டார். கூட்டம் குறைந்ததும் இறங்கி, தன் காருக்கே திரும்பிவிட்டார். அதற்கும் காரணம் உண்டு. நான்கு நாள் முன்பு, டாம்பா நகரில் ஏஜென்ட்டுகள் இப்படிக் காரின் பின்னால் தொற்றிக்கொண்டு வந்தது கென்னடிக்குப் பிடிக்கவில்லை. மக்களுக்கும் தனக்கும் நடுவில் ஆட்கள் நிற்க வேண்டாம் என்று அவர் நினைத்ததாகத் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்று ஹில் பின்னாளில் எழுதினார்.

ஊர்வலம் முடியப்போகிற கட்டம். ‘டீலி பிளாசா’ என்கிற இடத்தில் கார் திரும்புகிறது. பின்னாலிருந்து ஒரு வெடிச்சத்தம். கென்னடி தன் தொண்டையைப் பிடிப்பதைப் பார்த்தார் ஹில். அடுத்த கணம் கீழே குதித்து ஓட ஆரம்பித்துவிட்டார். அத்தனை ஏஜென்ட்டுகளில் அப்படி ஓடிப்போய் அந்தக் காரில் ஏறியவர் அவர் ஒருவர்தான். கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார்... அப்போதுதான் கென்னடியின் தலையைப் பிளந்தது கடைசிக் குண்டு. கார் வேகமெடுத்ததில் ஹில்லின் கால் வழுக்கியது. சமாளித்து ஏறினார். பின்பக்கமாகத் தவழ்ந்து வந்துகொண்டிருந்த ஜாக்குலினை சீட்டுக்குத் தள்ளினார். இருவர் மேலும் தன் உடம்பைப் போர்வை மாதிரி விரித்துக் கவிழ்ந்தபடி, ஆஸ்பத்திரி வரை போனார். அங்கே ஜாக்குலின் கணவரின் தலையை விட மறுத்தபோது, ஏன் என்று புரிந்துகொண்டு, தன் கோட்டைக் கழற்றி அந்தத் தலையை மூடியவரும் ஹில்தான்.

முதல் குண்டிலிருந்து கடைசிக் குண்டு வரை எல்லாமே பத்து விநாடிக்குள்! நீங்கள் இந்தப் பாராவைப் படிக்க எடுத்துக்கொண்ட நேரம்கூட இல்லை.

அடுத்த மாதமே அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். துக்கத்தில் இருந்த ஜாக்குலின் அந்த விழாவுக்கு நேரில் வந்தார். ஆனால், பதக்கம் வாங்கியவர் தன்னைக் குற்றவாளியாகவே நினைத்துக்கொண்டார். ஓய்வு பெற்ற பிறகு வீட்டின் அடித்தளத்து அறையில் தன்னைப் பூட்டிக்கொண்டு, வருடக்கணக்கில் குடியும் சிகரெட்டுமாக... ‘இப்படியே போனால் செத்துப்போவீர்கள்’ என்று 1982-ல் டாக்டர் எச்சரித்த பிறகுதான் இரண்டையும் விட்டார்.

1993-ல் வந்த ‘இன் தி லைன் ஆஃப் ஃபயர்’ படம் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். கென்னடியைக் காப்பாற்ற முடியாமல் போன ஒரு பாதுகாவலர், 30 வருடம் கழித்து இன்னொரு ஜனாதிபதியைக் காப்பாற்றித் தன் பழியைத் தீர்த்துக்கொள்வார். சினிமாவில் இரண்டாவது சான்ஸ் கிடைக்கும். ஹில்லுக்குக் கிடைக்கவில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். தப்பே செய்யாத ஒருவருக்கு ஏன் இத்தனை குற்ற உணர்வு? அது வெறும் மனநோயா? இல்லை, அதில் ஏதாவது நியாயம் இருக்கிறதா?

பெர்னார்ட் வில்லியம்ஸ் என்று ஒரு ஆங்கிலேயத் தத்துவப் பேராசிரியர். 1976-ல் அவர் ஒரு உதாரணம் சொன்னார். ஒரு லாரி டிரைவர். நிதானமாக ஓட்டுகிறவர். குடிக்கவில்லை, தூங்கவில்லை, லாரியில் கோளாறும் இல்லை. திடீரென்று ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்து அடிபட்டு இறந்துவிடுகிறது. அவர் மீது துளிக்கூடத் தப்பு இல்லை. பக்கத்தில் நின்று பார்த்தவர்களும் பதறுகிறார்கள், வருத்தப்படுகிறார்கள். ஆனால், அந்த டிரைவரின் வருத்தம் வேறு ஜாதி. ‘என் கையால் நடந்துவிட்டதே’ என்கிற வருத்தம். இங்கே வில்லியம்ஸ் ஒரு நுணுக்கமான விஷயத்தைச் சொல்கிறார். நாம் எல்லோரும் ‘உங்க மேல தப்பே இல்லைங்க’ என்று அந்த டிரைவரைத் தேற்றத்தான் செய்வோம். செய்யவும் வேண்டும். ஆனால், அவர் ‘ஆமாம், என் மேல தப்பு இல்லை’ என்று சட்டென்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டால்..? நமக்கே ஒரு மாதிரி இருக்கும். என்ன மனுஷன் இவன் என்று தோன்றும்.

ஆக, குற்ற உணர்வு என்பது எப்போதும் கோர்ட் தீர்ப்பு மாதிரி வேலை செய்வதில்லை. தப்பு செய்தவனுக்கு வரும், செய்யாதவனுக்கு வராது என்று கணக்குப் போட முடியாது. ஒரு பொறுப்பை மனதார ஏற்றுக்கொண்டவனுக்கு, அந்தப் பொறுப்பு கைநழுவும்போது வலிக்கிறது. பாரம் தூக்காதவனுக்குத் தோள் வலி கிடையாது!

இதில் அதிர்ஷ்டம் என்று ஒன்றும் சேர்ந்துகொள்கிறது. 1981, மார்ச் 30. வாஷிங்டனில் ஒரு ஓட்டல் வாசலில் ஜனாதிபதி ரீகனை நோக்கி ஒருவன் படபடவென்று ஆறு முறை சுட்டான். டிம் மெக்கார்த்தி என்கிற ஏஜென்ட், குண்டு வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, கையையும் காலையும் அகல விரித்துக்கொண்டு நின்றார். ஒரு குண்டு அவர் வயிற்றில் பாய்ந்தது. பிழைத்துக்கொண்டார். பின்னாளில் ஒரு நகரத்தின் போலீஸ் தலைமை அதிகாரியாகவும் ஆனார். ரீகனும் பிழைத்தார். மெக்கார்த்தியின் தைரியத்துக்கும் ஹில்லின் தைரியத்துக்கும் எடை போட்டுப் பார்த்தால் என்ன வித்தியாசம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒன்றும் இருக்காது. இவர் நின்ற இடமும் அவர் நின்ற இடமும்தான் வேறு. ஒருவருக்கு வாழ்நாள் பெருமை, இன்னொருவருக்கு வாழ்நாள் தண்டனை!

அந்தக் காலத்தில் இந்தப் பிரச்னையை வேறு விதமாகத் தீர்த்தார்கள். ‘பொன்னியின் செல்வன்’ படித்தவர்களுக்கு சோழர்களின் வேளக்காரப் படையையும் பாண்டியனின் ஆபத்துதவிகளையும் நன்றாகத் தெரியும். அரசனைக் காப்பாற்றத் தவறினால் தங்கள் உயிரையே கொடுத்துவிடுவதாகச் சபதம் செய்தவர்கள். இது கல்கியின் கற்பனை மட்டும் இல்லை. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்துபோன மார்க்கோ போலோ, அரசன் இறந்து சிதை எரியும்போது அவனுடைய நம்பிக்கைக்குரிய வீரர்களும் அதில் விழுந்து உயிர் விட்டார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்.

கேட்கும்போது உடம்பு சிலிர்க்கிறது. ஆனால், கொஞ்சம் யோசித்தால், அது ஒரு கொடூரமான சௌகரியம். தோற்றுப்போன மெய்க்காப்பாளன் உயிரோடு இருந்தால்தானே குற்ற உணர்வு? அவனையும் சேர்த்து எரித்துவிட்டால் கேள்விகளும் எரிந்துவிடும். யார் கவனக்குறைவு, எந்த வாசலில் காவல் இல்லை, அரசன் யார் பேச்சைக் கேட்கவில்லை... எதுவும் வெளியே வராது. இன்றைய மெய்க்காப்பாளனுக்கு நாம் அந்த நெருப்பைக் கொடுப்பதில்லை. நல்ல காரியம்தான். ஆனால், அவன் மனதுக்குள் ஒரு சிறிய சிதையை மூட்டிக்கொண்டு வருடக்கணக்கில் எரிகிறான்.

அந்த நெருப்பில் தலைவர்களின் பங்கும் கொஞ்சம் உண்டு. இது சங்கடமான விஷயம். இறந்துபோனவர்களைக் குறை சொல்வது நம் வழக்கம் இல்லை. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

மெய்க்காப்பாளனுக்குக் கூட்டம் என்றால் ஆபத்து. தலைவனுக்குக் கூட்டம் என்றால் உயிர்மூச்சு. இந்த இழுபறியில் ஜெயிப்பது எப்போதும் தலைவன்தான். ஏனென்றால் அவன் முதலாளி! 1948 ஜனவரி 20-ம் தேதி காந்தியின் பிரார்த்தனைக் கூட்டத்தில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு, வருகிறவர்களை சோதனை போட்டு அனுப்புகிறோம் என்று அதிகாரிகள் கேட்டார்கள். காந்தி ஒப்புக்கொள்ளவில்லை. பிரார்த்தனைக்கு வருகிறவனைத் தடவிப் பார்ப்பது அவருடைய நம்பிக்கைக்கே விரோதம். பத்தே நாளில் கோட்சே கைத்துப்பாக்கியோடு அவர் எதிரில் வந்து நின்றான். பழி யார் மேல் விழுந்தது? உள்துறை அமைச்சர் படேல் மேல். அன்று மாலை, கடைசியாக காந்தியோடு பேசிவிட்டுப் போனவரும் அவர்தான். காப்பாற்றத் தவறிவிட்டார் என்று பேசினார்கள். படேல் ராஜினாமா செய்யவும் முன்வந்தார். மார்ச் மாதம் அந்த இரும்பு மனிதருக்கு மாரடைப்பே வந்துவிட்டது.

1991, மே 21. ஸ்ரீபெரும்புதூர். அந்த இரவைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. முட்டி மோதிய கூட்டத்தைத் தடுக்க ஒரு பெண் போலீஸ் அதிகாரி முயன்றார். ‘பரவாயில்லை, விடுங்கள்’ என்கிற மாதிரி ராஜீவ் காந்தியே அவரை சமாதானப்படுத்தியதாக அந்த அதிகாரி பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அடுத்த சில கணங்களில் குண்டு வெடித்தது. படுகாயத்தோடு அவர் பிழைத்தார். டெல்லியிலிருந்து கூடவே வந்த பாதுகாப்பு அதிகாரி பி.கே.குப்தாவும், நம் ஊர் போலீஸ்காரர்கள் பலரும் அங்கேயே இறந்துபோனார்கள். ஒவ்வொரு மே 21-ம் தேதியும் ராஜீவின் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அந்தப் போலீஸ்காரர்களின் பெயர்களில் ஒன்றாவது உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?

தலைவர்களைத் தப்பு சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. மக்களைக் கண்டு பயந்து கண்ணாடிக் கூண்டுக்குள் ஒளிகிற தலைவனை நாமே மதிக்க மாட்டோம். ஆனால், தலைவன் ‘பரவாயில்லை’ என்று கையசைக்கும்போது அவன் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனின் உயிரையும் வைக்கிறான். பிழைத்தால், அவனுடைய மிச்ச வாழ்க்கையின் தூக்கத்தையும் வைக்கிறான்.

இது வரைக்கும் படித்துவிட்டு, ‘சரி, கடமையில் உயிரையே வைத்தவனுக்குத்தான் குற்ற உணர்வு வரும். அப்படியென்றால் கடமைதான் எல்லாம்’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இன்னொரு மெய்க்காப்பாளரை அறிமுகப்படுத்துகிறேன்.

பெயர் ரோகுஸ் மிஷ். யாருக்கு மெய்க்காப்பாளர் தெரியுமா? ஹிட்லருக்கு! 1940-லிருந்து கடைசி நாள் வரை கூடவே இருந்தவர். பெர்லினில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்ட பாதாள அறையில் டெலிபோனைக் கவனித்துக்கொண்டவர். சோவியத் சிறையில் பல வருடங்கள் கிடந்துவிட்டு ஊர் திரும்பி, பெயின்ட் கடை நடத்தி, 96 வயது வரை வாழ்ந்து 2013-ல் இறந்தார். கடைசி வரை அவருக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஹிட்லர் ஒரு நல்ல முதலாளி என்றே பேட்டிகளில் சொல்லிக்கொண்டிருந்தார். யூதப் படுகொலை பற்றியெல்லாம் தன் காதில் விழவே இல்லை என்றார். வேலையைப் பொறுத்தவரை மிஷ் மேல் யாரும் குறை சொல்ல முடியாது. அவருடைய பாதுகாப்பில் இருந்தவருக்கு அவரால் ஒரு கீறல்கூட விழவில்லை. நூற்றுக்கு நூறு மார்க்!

இந்த இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்துப் பாருங்கள். அரை விநாடி தாமதத்துக்காகத் தன்னையே தண்டித்துக்கொண்ட ஹில். லட்சோபலட்சம் பேரைக் கொன்றவனுக்குக் காவல் நின்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கிய மிஷ். கடமையைச் சரியாகச் செய்துவிட்டால் மட்டும் ஒருவன் நிரபராதி ஆகிவிடுவதில்லை. கடமையில் தோற்றுவிட்டால் மட்டும் ஒருவன் குற்றவாளி ஆகிவிடுவதும் இல்லை. எப்படிக் காவல் காத்தேன் என்று கேட்டுக்கொண்டவர் ஹில். எதைக் காவல் காத்தேன் என்று கேட்டுக்கொள்ளாதவர் மிஷ்.

‘அப்படியானால், தான் காக்கிற தலைவன் செய்வது அநியாயம் என்று மெய்க்காப்பாளனுக்குத் தோன்றினால் என்ன செய்வது? துப்பாக்கியைத் திருப்பலாமா?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கான பதிலை நம் நாடு ரத்தத்தில் எழுதி வைத்திருக்கிறது.

1984 ஜூன் மாதம், அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் ராணுவம் நுழைந்தது. சீக்கியர்கள் மனதில் பெரிய காயம். அதைப் புரிந்துகொள்ளாதவர்கள் மனிதர்களே இல்லை. அந்த நேரத்தில் பிரதமர் வீட்டுக் காவலில் சீக்கியர்கள் வேண்டாம் என்று அதிகாரிகள் நினைத்தபோது, மதத்தை வைத்து யாரையும் விலக்கக் கூடாது என்று மறுத்தவர் இந்திரா காந்தி. அக்டோபர் 31-ம் தேதி காலையில், வீட்டுத் தோட்டத்துப் பாதையில் அவர் நடந்து வந்தார். சுட்டவர்கள் அவருடைய காவலர்கள். சப்-இன்ஸ்பெக்டர் பியந்த் சிங், கான்ஸ்டபிள் சத்வந்த் சிங். தொடர்ந்து வந்த நாட்களில் டெல்லியில் மட்டும், அரசுக் கணக்குப்படியே 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளுக்குப் பொறுப்பு, அதைச் செய்தவர்களும் தூண்டியவர்களும்தான். சந்தேகமே இல்லை. ஆனால், யாருக்காக அந்தத் துப்பாக்கி திரும்பியதோ, அவர்களுக்கு அதனால் ஒரு நன்மையும் விளையவில்லை.

கோபப்பட பியந்த் சிங்குக்குக் காரணம் இருந்தது. வேலையை விட்டு விலகியிருக்கலாம். சீருடையைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டு, வெளியே போய்க் கொடி பிடித்திருக்கலாம். அதில் மானம் இருக்கிறது. ஆனால், பாதுகாப்பதற்காக என்று நம்பிக் கையில் கொடுத்த துப்பாக்கியை அதே கையால் திருப்புவது வேறு. மெய்க்காப்பாளன் நீதிபதி இல்லை. ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிம்மதியாக நடக்கிறார் என்றால், பின்னால் வருகிறவன் கொடுத்த வாக்குதான் காரணம். அந்த வாக்கைத் திருப்பிக் கொடுக்கலாம், பகிரங்கமாக. உள்ளே வைத்துக்கொண்டே உடைக்கக் கூடாது.

சரி, தவறிவிட்ட பிறகு? அதற்கும் இரண்டு மாதிரிகள் இருக்கின்றன. 1865 ஏப்ரல் 14, வாஷிங்டனில் ஒரு நாடகக் கொட்டகை. ஜனாதிபதி லிங்கனுக்குக் காவலாகப் போயிருந்த ஜான் பார்க்கர் என்கிற போலீஸ்காரர் தன் இடத்திலேயே இல்லை. லிங்கன் சுடப்பட்டார். கடமை தவறியதாகப் பார்க்கர் மேல் புகார் வந்தது, பிறகு தள்ளுபடியும் ஆனது. அவர் பாட்டுக்கு வேலையில் தொடர்ந்தார். மூன்று வருடம் கழித்து அவரை டிஸ்மிஸ் செய்தார்கள். எதற்கு? டியூட்டியில் தூங்கியதற்கு!

2022 ஜூலை 8, ஜப்பானின் நாரா நகரம். முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே தெருவோரம் நின்று பேசிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து ஒருவன் சுட்டான். முதல் தடவை படவில்லை. சுமார் இரண்டரை விநாடி கழித்து இரண்டாவது தடவை. நடுவில் இருந்த அந்த இரண்டரை விநாடியில் பாதுகாவலர்களால் அவரை மறைக்க முடியவில்லை. மறுநாள், அந்த மாகாண போலீஸின் தலைவர் பத்திரிகையாளர்கள் முன்னால் கண் கலங்க, பாதுகாப்பில் ஓட்டை இருந்ததை ஒப்புக்கொண்டார். விசாரணை நடந்தது, அறிக்கை வந்தது. ஆகஸ்ட்டில் அவரும் ஜப்பானின் தேசிய போலீஸ் தலைவரும் பதவி விலகுவதாக அறிவித்தார்கள். அவர்கள் யாரும் அந்த இடத்தில் துப்பாக்கியோடு நின்றவர்கள் இல்லை. ஆனாலும் மேலே இருப்பவன் பாரத்தில் தோள் கொடுத்தால்தான், கீழே தெருவில் நின்றவன் மொத்தத்தையும் தனியாகச் சுமக்காமல் இருப்பான். அது தெரிந்த ஊர் அது.

மறுபடி ஹில்லுக்கு வருவோம். 1990-ம் வருடம், 27 ஆண்டுகளுக்குப் பிறகு, அவர் டல்லாஸுக்குப் போனார். டீலி பிளாசாவில் அங்கும் இங்கும் நடந்தார். குண்டு வந்த கட்டடத்தின் ஆறாவது மாடிக்கு ஏறி, அந்த ஜன்னல் பக்கம் நின்று கீழே பார்த்தார். சாலையின் வளைவு, தூரம், காரின் வேகம், தான் நின்றிருந்த படி... ஒவ்வொன்றாகக் கணக்குப் பார்த்தார். அன்றைக்கு எல்லா சாதகமும் சுட்டவன் பக்கமே இருந்தது, தன்னால் முடிந்த அத்தனையையும் தான் செய்துவிட்டேன் என்கிற முடிவுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் அவரால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. புத்தகங்கள் எழுதினார். மேடைகளில் பேசினார். 2025 பிப்ரவரியில், 93 வயதில் இறந்தார்.

ஆனால், ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஜன்னலுக்குப் போய் வந்த பிறகும், குற்ற உணர்வு முழுசாகப் போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை. மிச்சம் கொஞ்சம் இருக்கிறது, இருக்கும் என்றுதான் சொன்னார். அதுதான் சரியான அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பு செய்தேன் என்கிற பொய்யைக் கீழே இறக்கி வைத்துவிட்டார். காக்க வேண்டியவரைக் காக்க முடியவில்லையே என்கிற உண்மையை மட்டும் வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் உங்களிடம் எதற்காகச் சொல்கிறேன்? நீங்களும் நானும் ஜனாதிபதிக்குப் பக்கத்தில் ஓடப் போவதில்லை. ஆனால், நம் ஒவ்வொருவர் பொறுப்பிலும் யாராவது ஒருவர் இருக்கிறார். ராத்திரி முழுக்க ஆஸ்பத்திரியில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, விடியற்காலையில் ஒரு டீ குடிக்கப் போன பத்து நிமிஷத்தில் அவர் போய்விட்டார் என்று இன்றைக்கும் புழுங்குகிற மகன்கள் இருக்கிறார்கள். போன் அடித்துக்கொண்டே இருக்க, ‘அப்புறம் பேசலாம்’ என்று விட்டுவிட்டு, மறுநாள் அந்தத் தோழியின் சாவுச் செய்தியைக் கேட்ட பெண்கள் இருக்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு வந்த குழந்தை, ஒரு கணம் கையை உதறிய அம்மாக்கள் இருக்கிறார்கள். எல்லோரிடமும் ஒரு அரை விநாடி இருக்கிறது.

அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இருந்தால், ‘உன் மேல தப்பு இல்லப்பா, விடு’ என்று முதுகில் தட்டிவிட்டு டி.வி-யைப் போட்டுவிடாதீர்கள். அவர் கேட்பது சர்டிஃபிகேட் இல்லை. அவருக்கு வேண்டியது, அந்த ஜன்னல் வரைக்கும் கூட ஏறி வர ஒரு ஆள். என்ன நடந்தது, அதில் எவ்வளவு அவர் கையில் இருந்தது, எவ்வளவு இல்லை என்று நிதானமாக உட்கார்ந்து பேசுங்கள். நிஜமாகவே தப்பு இருந்தால் அதையும் மறைக்காமல் பேசுங்கள். ஒரு நாளில் முடியாது. பரவாயில்லை. ஹில்லுக்கு 27 வருடம் ஆயிற்று. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் அத்தனை வருடம் ஆகாது.